வீட்டில் இருப்பவர்களின் உடல்நிலையும் நம் பயணக் காப்பீடும்: எதைச் சொல்ல வேண்டும்?

நீலவானம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நானும் மனைவியும் பிள்ளைகளோடு வெளிநாட்டுப் பயணம் ஒன்றுக்கு டிக்கெட் போடப் போகிறோம். கிளம்ப இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இன்ஷூரன்ஸ் எடுக்க உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம் வந்து, மேலே நகர முடியாமல் நிற்கிறேன்.

என் மாமனாருக்கு இதயச் செயலிழப்பு. அதாவது இதயத்தின் பம்ப் செய்யும் பலம் குறைந்துவிட்டது. மாத்திரையில் சமாளித்துக்கொண்டிருக்கிறார். போன வருஷம் மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தேறி வந்தார். மாமியார் முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கக் காத்திருக்கிறார். இரண்டு பேரும் எங்களோடு வரவில்லை, வீட்டில்தான் இருப்பார்கள்.

ஆன்லைன் விண்ணப்பத்தில் கேட்ட கேள்வி எல்லாமே பயணம் போகிறவர்களைப் பற்றித்தான். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா. போன் பண்ணிக் கேட்டேன். "போறவங்களைப் பத்திச் சொன்னாப் போதும் சார்" என்றார்கள். ஆனால் மாமனாருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் கிளம்ப மாட்டோம். கிளம்பியிருந்தால் பாதியில் திரும்பி வருவோம். அப்போது இந்தப் பாலிசி பணம் தருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பார்வையாளன்

கேக்காத கேள்விக்கு எதுக்கு பதில் சொல்லணும்? போன்லயும் கேட்டுட்டீங்க, வேண்டாம்னு சொல்லிட்டாங்க. நீங்களா போய் மாமனார் இதயத்தைப் பத்திச் சொன்னா ப்ரீமியம்தான் ஏறும். இல்லேன்னா பாலிசியே கிடையாதும்பாங்க. பேசாம எடுத்துட்டுக் கிளம்புங்க.

கோப்புக்காரர்

நீலவானம், அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். பயணக் காப்பீட்டு க்ளெய்ம் பிரிவில் பல வருஷம் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பயணக் காப்பீடு என்றதும் எல்லாரும் நினைப்பது அங்கே போய் நமக்கு உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு. அந்தப் பகுதிக்கு உங்கள் மாமனார் சம்பந்தமே இல்லாதவர். ஆனால் அதே பாலிசிக்குள் இன்னொரு பகுதி இருக்கிறது: பயணத்தை ரத்து செய்வதும், பாதியில் முடித்துத் திரும்புவதும். அந்தப் பகுதியில் யார் நோய்வாய்ப்பட்டால் பணம் கிடைக்கும் என்ற பட்டியலில் போகிறவர்கள் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினர்களும் வருவார்கள். பல பாலிசிகளில் நீங்கள் போய்த் தங்கப்போகும் வீட்டுக்காரரும் வருவார். சிலவற்றில் உங்களோடு சேர்ந்து தொழில் செய்யும் கூட்டாளியும் உண்டு. ஒருவரைப் பட்டியலில் சேர்க்கும்போதே, அவருடைய பழைய நோயை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

பார்வையாளன் சொன்னதில் ஒரு பாதி சரி. பிரிட்டனில் 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம், 2013 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பது, தெளிவாகச் சொல்கிறது: கேள்வி கேட்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. கேட்டதற்குத் தவறான பதில் சொல்லாமல் நியாயமான கவனத்தோடு இருப்பது மட்டும்தான் நம் கடமை. ஆகவே கேட்காததைச் சொல்லவில்லை என்று அங்கே பாலிசியை ரத்து செய்ய முடியாது.

மறு பாதியில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். தகவலை மறைத்தார் என்று க்ளெய்மை மறுப்பது வேறு. "இந்தக் காரணத்துக்குப் பணம் இல்லை" என்று பாலிசியிலேயே எழுதி வைத்திருப்பது வேறு. இரண்டாவதற்கு உங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்கத் தேவையில்லை. நீங்கள் நேர்மையாக எல்லாப் பதிலும் சொல்லியிருப்பீர்கள், யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள், ஆனாலும் பணம் வராது. நான் பார்த்த மறுப்புக் கடிதங்களில் உறவினர் நோய் சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் இந்த ரகம்தான்.

பாலிசிப் புத்தகத்தைத் திறந்து இரண்டு இடம் பாருங்கள். முன்பக்கம் சொல் விளக்கத்தில் "நெருங்கிய உறவினர்" என்றால் யார் யார் என்று இருக்கும். பிறகு ரத்துப் பிரிவில் "எவற்றுக்குப் பணம் தரமாட்டோம்" என்ற தலைப்பு. அந்தப் பக்கத்தில் இருப்பதை இங்கே எழுதுங்கள், பேசலாம்.

நீலவானம்

நன்றி சார். தேடிப் பார்த்தேன். ரத்துப் பிரிவின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. சாராம்சம் இது: பயணம் செய்யாவிட்டாலும், எவருடைய உடல்நலத்தைப் பொறுத்து உங்கள் பயணம் நடக்குமோ அவருக்கு, பாலிசி எடுக்கும் நாளிலோ பயணத்தை முன்பதிவு செய்யும் நாளிலோ உங்களுக்குத் தெரிந்த நோய் இருந்தால், அந்த நோயால் வரும் ரத்துக்கோ திரும்புதலுக்கோ பணம் இல்லை.

இதன்படி பார்த்தால் மாமனாரின் இதயம் காரணமாக எது நடந்தாலும் ஒன்றும் கிடைக்காது. போனில் சொன்னவரோ கவலை வேண்டாம் என்கிறார். எதை நம்புவது?

கோப்புக்காரர்

எழுத்தில் இருப்பதை. போனில் பேசியவர் பொய் சொல்லவில்லை. பாலிசி எடுப்பதற்கு என்ன தேவை என்ற கேள்விக்கு அவர் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். க்ளெய்ம் வரும்போது என்ன நடக்கும் என்பது நீங்கள் கேட்டது, அவர் காதில் விழாதது.

உங்கள் பாலிசி கடுமையான வகை. எல்லாப் பாலிசியும் இப்படி இல்லை. சில கம்பெனிகள் உறவினரின் நோயையும் விண்ணப்பத்திலேயே கேட்டு, கொஞ்சம் கூடுதல் ப்ரீமியம் வாங்கி ஏற்றுக்கொள்கின்றன. சிலவற்றில் நிபந்தனை: கடந்த 12 மாதங்களில் அவர் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை, அறுவை சிகிச்சைக்கோ பரிசோதனை முடிவுக்கோ காத்திருக்கவில்லை, மருந்து மாறவில்லை, இனிப் பிழைப்பது கடினம் என்று டாக்டர் சொல்லவில்லை. இவ்வளவும் சரியாக இருந்தால் பழைய நோயாக இருந்தாலும் பணம் தருவார்கள். உங்களுக்குத் தேவை இந்த இரண்டில் ஒன்று. விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கினால் இது கண்ணில் படாது.

செம்பருத்தி

இந்த விஷயத்தில் அடிபட்டவள் நான், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினோம். அம்மாவுக்கு அதற்கு முன் ஒரு நோயும் கிடையாது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒரு படிவம் அனுப்பியது. அதை நிரப்ப வேண்டியது நானல்ல, அம்மாவின் டாக்டர். அவர் பழைய பதிவைப் பார்த்து, "ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, இதய நிபுணரிடம் அனுப்பக் காத்திருப்பு" என்று எழுதினார். தேதி பார்த்தால் நாங்கள் டிக்கெட் போட்டதற்குக் கொஞ்சம் முன்பு! பிள்ளைகள் பயணத்தைக் கெடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லாமலே விட்டிருக்கிறார்.

அந்த ஒரு வரியை வைத்து க்ளெய்மை மறுத்தார்கள். அம்மா பேச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், கையில் மறுப்புக் கடிதம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் விடவில்லை. பாலிசியில் "உங்களுக்குத் தெரிந்த" நோய் என்றுதான் இருக்கிறது, எங்களுக்குத் தெரியாது என்று முறைப்படி புகார் எழுதினேன். பிரிட்டனில் புகாருக்கு இறுதிப் பதில் சொல்ல அவர்களுக்கு 8 வாரம் அவகாசம். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மேனிடம் (வாடிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லும் அமைப்பு) போகலாம், செலவு கிடையாது. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும். அம்மா எங்களோடு ஒரே வீட்டில் இல்லை, நிபுணரைப் பார்க்கும் கடிதம் அம்மாவின் முகவரிக்குத்தான் போனது, நாங்கள் அதைப் பார்க்க வழியே இல்லை என்று காட்டினோம். கடைசியில் பணம் தரச் சொல்லி முடிவு வந்தது.

நீலவானம், உங்கள் நிலைமை வேறு. உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகு இந்த வாதம் நிற்காது.

பார்வையாளன்

செம்பருத்தி, அம்மா இப்போ நல்லா இருக்காங்கன்னு நம்புறேன். ஆனா உங்க கதையைப் படிச்சா எனக்கு ஒண்ணு தோணுது. தெரியாம இருந்ததாலதானே பணம் கிடைச்சது? அப்ப வீட்டுப் பெரியவங்ககிட்ட உடம்பைப் பத்தி எதுவும் கேட்டுக்காம இருக்கறதுதான் புத்திசாலித்தனம்.

இரவுப்பணி

பார்வையாளன் தம்பி, கோபமா சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க, ஆனா அழுத்தமாத்தான் சொல்றேன். நான் வார்டுல வேலை பாக்கறவ. இன்ஷூரன்ஸ் பணத்துக்காக அப்பா உடம்பைப் பத்திக் கேக்காம இருங்கன்னு யாருக்கும் சொல்லாதீங்க. அவர் மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கறப்ப நீங்க விமானத்துல இருப்பீங்க. க்ளெய்ம் அப்புறம்.

சட்டப்படி பாத்தாலும் அது நிக்காது. தெரியுமான்னு மட்டும் பாக்க மாட்டாங்க, நியாயமா தெரிஞ்சிருக்க வேண்டாமான்னும் பாப்பாங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் நீங்களா இருந்தா, எனக்குத் தெரியாதுன்னா யார் நம்புவா?

நீலவானம், மாமனார்கிட்ட உட்காந்து பேசுங்க. "உங்களுக்கு என்ன நோய்"னு கேட்டா "ஒண்ணுமில்ல மாப்ள, நல்லாத்தான் இருக்கேன்"னுதான் சொல்வாரு. அப்படிக் கேக்காதீங்க. மாத்திரை டப்பாவை எடுத்து வைக்கச் சொல்லுங்க. நீர் பிரியறதுக்கு ஒரு மாத்திரை குடுத்திருப்பாங்க, பெரும்பாலும் ஃபுரோசமைடு. அது முன்னாடி 40 மில்லிகிராமா இருந்து இப்போ 80 ஆயிருக்கான்னு அட்டையைப் பாத்தாலே தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்க. அடுத்து எப்போ வரச் சொன்னாங்க, எக்கோ (இதயத்தை ஸ்கேன் பண்றது) எடுக்கச் சொல்லியிருக்காங்களா, ரிசல்ட் ஏதாவது பாக்கியா, இதெல்லாம் கேளுங்க. தினமும் காலையில எடை பாக்கறாரான்னு கட்டாயம் கேளுங்க. மூணு நாளுக்குள்ள 2 கிலோவுக்கு மேல ஏறினா உடம்புல நீர் சேருதுன்னு அர்த்தம், டாக்டருக்கு உடனே சொல்லணும். இது இன்ஷூரன்ஸுக்காகச் சொல்லல. நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கறவங்களுக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்.

இன்னொண்ணு, அது அவரோட உடம்பு. அவர் நோயை நீங்க கம்பெனிகிட்டச் சொல்லப் போறீங்கன்னா அவர் சம்மதம் கேட்டுட்டுச் சொல்லுங்க. நாளைக்கு க்ளெய்ம்னு வந்தா அவரோட டாக்டர் ஃபைலைக் கேப்பாங்க, அதுக்கு அவர் கையெழுத்து வேணும். முன்கூட்டியே பேசிட்டா அந்த நேரத்துல சங்கடம் இருக்காது.

பனிக்காலம்

இரவுப்பணி அக்கா மாத்திரை அளவைச் சொன்னதால் இதை எழுதுகிறேன். கனடாவில் பல பாலிசிகள் நோய் "நிலையாக" இருக்க வேண்டும் என்று ஒரு காலக்கெடு வைத்திருக்கும். 90 நாள், 180 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். அந்தக் காலத்தில் புது மருந்து சேர்ந்தாலோ, மருந்து நின்றாலோ, அளவு மாறினாலோ, நோய் நிலையாக இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பலரும் கவனிக்காதது: உடம்பு தேறி டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தால்கூடப் பல பாலிசிகளில் அது மாற்றம்தான். ரத்துப் பிரிவில் இந்த நிபந்தனை வீட்டில் இருக்கும் உறவினருக்கும் பொருந்துமா என்று தனியாகப் படிக்க வேண்டும். சிலவற்றில் பொருந்தும், சிலவற்றில் பொருந்தாது.

இரவுப்பணி

இதுதான் எனக்கு மனசுக்கு ஆகாத இடம். இதய நோய்ல நீர் மாத்திரையை ஏத்தறதும் இறக்கறதும் நல்ல கவனிப்போட அடையாளம். எடை ஏறினா ஏத்துவாங்க, இறங்கினா குறைப்பாங்க. டாக்டர் கண்ணுக்கு அவர் நல்லாக் கட்டுப்பாட்டுல இருக்கார். பாலிசி கண்ணுக்கு நிலையில்லாதவர். டாக்டர் "நல்லா இருக்கார், தைரியமாப் போய்ட்டு வாங்க"ன்னு சொன்னதை நம்பி இருந்துடாதீங்க. டாக்டர்கிட்டக் கேக்கும்போது தேதியோட கேளுங்க: கடைசியா மருந்து எப்போ மாத்தினீங்க, என்ன அளவுலேர்ந்து என்ன அளவு.

மேற்குத்திசை

அமெரிக்கப் பாலிசிகளைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பெரும்பாலும் யாரும் மருத்துவக் கேள்வியே கேட்க மாட்டார்கள். க்ளெய்ம் வந்த பிறகு பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். பாலிசி எடுத்த நாளிலிருந்து பின்னோக்கி 60 முதல் 180 நாள் வரை, பாலிசியைப் பொறுத்து. அந்தக் காலத்தில் சிகிச்சையோ மருந்து மாற்றமோ இருந்தால் அது பழைய நோய். இது பல பாலிசிகளில் பயணம் செய்யாத குடும்பத்தினருக்கும் பொருந்தும்.

ஆனால் இதற்கு ஒரு சலுகை உண்டு, அதற்குத்தான் நேரம் முக்கியம். பயணத்துக்கு முதல் பணம் கட்டிய நாளிலிருந்து, பெரும்பாலும் 14 முதல் 21 நாளுக்குள், பாலிசி எடுத்து, திரும்பக் கிடைக்காத முழுத் தொகைக்கும் காப்பீடு செய்தால், பழைய நோய் என்ற தடையை நீக்கிவிடுவார்கள். டிக்கெட் போட்டுவிட்டு இன்ஷூரன்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தக் கதவு மூடிவிடும். வீட்டில் வயதானவர்கள் இருக்கும் எல்லாருக்கும் நான் சொல்வது, டிக்கெட் போட்ட அன்றே பாலிசியையும் எடுங்கள். எந்த நாடாக இருந்தாலும் இது பொருந்தும், ஏனென்றால் ரத்துக்கான பாதுகாப்பே பாலிசி எடுத்த பிறகுதான் தொடங்கும்.

எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்று ஒரு கூடுதல் வசதியும் விற்கிறார்கள். அதில் முழுப் பணம் வராது, 50 முதல் 75 சதவீதம். கிளம்புவதற்குப் பொதுவாக 48 மணி நேரம் முன்பே ரத்து செய்திருக்க வேண்டும். விலை அதிகம். பாதியில் திரும்பினால் இந்த வசதி உதவாது.

முகவரி

இந்தியாவில் பாலிசி எடுப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பாலிசித் தாளில் "கம்பாஷனேட் விசிட்" என்று ஒன்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் அப்பாவுக்கு முடியாமல் போனால் நாம் திரும்பிப் போக டிக்கெட் தருவார்கள் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான பாலிசிகளில் அது நேர் எதிர்: வெளிநாட்டில் நாம் ஆஸ்பத்திரியில் சில நாளுக்கு மேல் படுக்க நேர்ந்தால், வீட்டிலிருந்து ஒருவர் நம்மைப் பார்க்க வருவதற்கான செலவு. வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போய் நாம் திரும்புவது "ட்ரிப் கேன்சலேஷன்", "ட்ரிப் இன்டரப்ஷன்" தலைப்புகளில் வரும். அங்கே குடும்பத்தினர் யார் யார், பழைய நோய்க்குப் பணம் இல்லை என்ற விலக்கு உண்டா என்று பாருங்கள். குறைந்த விலைப் பாலிசிகளில் அந்தத் தலைப்புகளே இல்லாமலும் இருக்கும்.

மறுப்பு வந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை.

தென்கோடி

ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு: பல பாலிசிகளில் "உறவினர்" என்றால் ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ வசிப்பவர் என்று இருக்கும். அம்மா அப்பா வேறு நாட்டில் இருந்தால் அவர்கள் நோயே கணக்கில் வராது, பழையதோ புதியதோ. வயது வரம்பும் உண்டு. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய வரி இதுதான்.

செம்பருத்தி சொன்ன மாதிரி உண்மையிலேயே தெரியாமல் இருந்தவர்களுக்கு இங்கே 1984ஆம் ஆண்டு காப்பீட்டு ஒப்பந்தச் சட்டத்தின் 47ஆம் பிரிவு துணை நிற்கும். ஒப்பந்தம் போட்ட நாளில் நோய் இருப்பது நமக்குத் தெரியாது, நியாயமான ஒருவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றால், பழைய நோய் என்று காட்டி மறுக்க முடியாது. புகாருக்கு 2018 முதல் ஏஎஃப்சிஏ (ஆஸ்திரேலிய நிதிப் புகார் ஆணையம்) இருக்கிறது.

நீலவானம்

இவ்வளவு விஷயம் ஒரே இழையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

இரவுப்பணி அக்கா சொன்னபடி மாத்திரை டப்பாவிலிருந்து ஆரம்பித்தோம். மனைவிதான் பேசினாள். முதலில் மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம். "நான் செத்தா டிக்கெட் காசு வருமான்னு பாக்கறீங்களா" என்று கேட்டுவிட்டார். மனைவி அழுதுவிட்டாள். பிறகு அவரே ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து 12 மாதம் தாண்டிவிட்டது. நீர் மாத்திரை அளவு மட்டும் சில மாதம் முன்பு கூட்டியிருக்கிறார்கள், அது எங்களுக்குத் தெரியாது. காத்திருக்கும் பரிசோதனை எதுவும் இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. மாமியாரின் முழங்கால் ஆபரேஷன் தேதி எங்கள் பயணத்தின் நடுவில் விழுந்தால் ரத்து செய்ய முடியுமா? இரண்டாவது, என்னை வளர்த்தது என் அத்தை. அம்மா இறந்த பிறகு எல்லாம் அவர்தான். அவருக்கு ஏதாவது ஆனால் நான் கட்டாயம் திரும்புவேன். அவர் பட்டியலில் வருவாரா?

கோப்புக்காரர்

முழங்காலை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் அறுவை சிகிச்சை என்பது தெரிந்த விஷயம். தேதி வந்ததால் ரத்து செய்தேன் என்றால் பெரும்பாலும் பணம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அந்த வாரங்களில் தேதி வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வதுதான் வழி.

அத்தை விஷயம் மனசுக்குக் கஷ்டமானது. பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மாமனார் மாமியார், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், இவர்கள் அநேகமாக எல்லாப் பட்டியலிலும் உண்டு. அத்தை, சித்தப்பா, பெரியம்மா சிலவற்றில் இருப்பார்கள், பலவற்றில் இருக்க மாட்டார்கள். சட்டப்படி காப்பாளராக இருந்தவரைச் சேர்க்கும் பாலிசிகளும் உண்டு. அவர் உங்களை வளர்த்தவர் என்று எழுதி, இவரை நெருங்கிய உறவினராக ஏற்பீர்களா என்று கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏற்றால் அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள். ஏற்காவிட்டால் வேறு பாலிசி பாருங்கள். உங்கள் மனதில் அவர் அம்மாவாக இருப்பது க்ளெய்ம் மேசைக்குத் தெரியாது, அங்கே இருப்பவர் பட்டியலைத்தான் பார்க்க முடியும். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன், பிடிக்காவிட்டாலும்.

மாமனாருக்கும் அதையே செய்யுங்கள். நோயின் பெயர், கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த தேதி, மருந்து மாறிய தேதி, எல்லாம் எழுதி, "இந்த நோயால் பயணத்தை ரத்து செய்தாலோ பாதியில் திரும்பினாலோ பணம் உண்டா, இல்லையா" என்று நேராகக் கேளுங்கள். "பாலிசி விதிகளுக்கு உட்பட்டு" என்று மழுப்பிப் பதில் வந்தால் மறுபடி கேளுங்கள்.

பாலிசி கையில் வந்த பிறகு உடல்நிலை மாறினால் சொல்ல வேண்டுமா என்பதும் பாலிசியில் இருக்கும். வருடாந்தரப் பாலிசி வைத்திருப்பவர்கள் இங்கேதான் கவனிக்காமல் விடுகிறார்கள். பாலிசி எடுத்த அன்று அப்பா நன்றாக இருந்தார், நடுவில் நோய் வந்தது, அதற்குப் பிறகு புதிதாக ஒரு டிக்கெட் போட்டார்கள். பாலிசி நடப்பில்தான் இருக்கிறது, ஆனால் அந்த டிக்கெட் போட்ட நாளில் நோய் தெரிந்ததாகிவிட்டது.

போகவே முடியாது என்று தெரிந்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும். தெரிந்த நாளில் என்ன கட்டணமோ அதுவரைதான் கம்பெனி தரும், காத்திருந்ததால் கூடியது உங்கள் தலையில். நம்பிக்கையோடு காத்திருப்பது மனித இயல்பு, ஆனால் இந்த விஷயத்தில் அதற்கு விலை உண்டு.

பாதியில் திரும்புவதானால் டிக்கெட் வாங்குவதற்கு முன் கம்பெனியின் அவசர உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் நாமே வாங்கிய டிக்கெட்டுக்குப் பணம் தராத பாலிசிகள் நிறைய. பேசிய நேரம், பேசியவர் கொடுத்த குறிப்பு எண், இரண்டையும் எழுதி வையுங்கள்.

பார்வையாளன்

படிச்சேன், முழுசாவே. கேக்காததைச் சொல்ல வேண்டாம்கறதுல எனக்கு இன்னும் மாத்துக் கருத்து இல்ல, சட்டமும் அதைத்தான் சொல்லுது. ஆனா விலக்குன்னு தனியா ஒண்ணு இருக்குங்கறது நான் யோசிக்காத கோணம். என் அப்பாவுக்கும் சிறுநீரகப் பிரச்சினை இருக்கு. வருடாந்தரப் பாலிசிதான் வச்சிருக்கேன். இன்னிக்கே எடுத்துப் பாக்கறேன்.

நீலவானம்

பதில்கள் வந்துவிட்டன. முதல் கம்பெனி தெளிவாகச் சொல்லிவிட்டது: மாமாவின் இதயம், நுரையீரல் சம்பந்தமாக எது நடந்தாலும் இல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. இன்னொரு கம்பெனி அவரைப் பற்றி விவரமாகக் கேட்டது. மருந்து மாற்றத்தையும் சொன்னோம். 12 மாதத்தில் ஆஸ்பத்திரி அனுமதி இல்லாததால் கூடுதல் ப்ரீமியத்தோடு ஏற்றுக்கொண்டார்கள், மாமாவின் இதயநோயையும் சேர்த்து. அத்தையை இரண்டு பேருமே ஏற்கவில்லை.

இரண்டாவது கம்பெனியிலேயே எடுத்துவிட்டோம். டிக்கெட்டும் அதே நாளில் போட்டோம். அத்தைக்காக நான் மட்டும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்திருக்கிறேன், விலை கூடுதல்தான். தங்குமிடங்களைக் கடைசி நேரம் வரை பணம் பிடிக்காமல் ரத்து செய்யும் வகையில் போட்டிருக்கிறோம். மாமியாருக்கு அந்த வாரங்களில் தேதி தர வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தாயிற்று.

கடைசியாக ஒன்று: மாமாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாம் இப்போதே ஸ்கேன் எடுத்து வைக்கலாமா, அல்லது தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாமா?

செம்பருத்தி

இப்போதே எடுங்கள். மாமாவிடம் சம்மதக் கடிதமும் ஒன்று கையெழுத்து வாங்கி வையுங்கள், தன் மருத்துவ விவரத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று. அம்மாவுக்குப் பேச்சுப் போன பிறகு அந்த ஒரு கையெழுத்துக்காக நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. நிறுவனம் தன் படிவத்திலும் மறுபடி கேட்கலாம், ஆனாலும் இது கையில் இருப்பது நல்லது. பாலிசி எண்ணையும் அவசர உதவி எண்ணையும் உங்கள் போனில் மட்டும் வைக்காமல், மாமாவோடு வீட்டில் இருக்கப்போகிறவரிடமும் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான், டாக்டரிடம் சான்றிதழ் கேட்கப் போவதும் அவர்தான்.